மதுரைக்கு எட்டாத மருந்து

கனடாவில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மருந்துப் பெட்டி எடுக்க வரும் டிரைவர் தினமும் ‘ஹவ் ஆர் யூ’ என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார். ஒருநாள் மனசு தாங்காமல், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று உண்மையையே சொல்லிவிட்டேன். நான் லீவு சொல்வதாக நினைத்து, "அப்படியானால் நாளைக்குப் பெட்டியை யார் தருவார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருக்கும் கதிரியக்க ஃப்ளோரின் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்.

அது 2009. வடமதுரையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த ஜெயராணி அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் முடிந்திருந்தது. பிறகு இடுப்பு வலி. எலும்புக்கு இறங்கிவிட்டதா என்று மதுரையில் ஸ்கேன் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய அணு உலைகளிலிருந்துதான் வரும். அவற்றில் ஒன்று நின்றுபோனதால் அக்காவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே எங்களுக்குக் கவலையில்லை. உலை இல்லாமலே, அணுத்துகள்களைச் சுழற்றி முடுக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் அந்த ஃப்ளோரினை மாற்று மருந்தாகச் செய்துகொண்டோம். அதைச் செய்கிறவன் நான். அக்காவின் ஆஸ்பத்திரியில் அதற்கான இயந்திரமும் இல்லை, அதைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கேமராவும் இல்லை. என் வேலையே எனக்கு வெறுத்துப்போனது.

அக்கா போனில் வழி சொன்னாள். "நம்மூர்க்காரர் ஒருத்தரு அங்கிட்டிருந்து அடுத்த வாரம் வாராராம். அவரு கையில குடுத்து விடு அப்பு."

"விமானம் ஏறுறதுக்குள்ளயே பாதி போயிரும்க்கா. மதுரை வர்றப்ப ஒண்ணுமே இருக்காது."

"ஐஸ் பெட்டியில வையி. மல்லியப்பூவையே அப்படித்தான துபாய்க்கு அனுப்புறாக?"

ஐஸுக்கு இது கட்டுப்படாது என்று எப்படிச் சொல்லியும் அவளுக்கு விளங்கவில்லை. ‘ஏதாச்சும் பண்ணுறேன்க்கா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, தம்பி மருந்து அனுப்புகிறான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

ஒன்றரை மாதம் கழித்து, உலை மருந்து எங்கிருந்தோ கொஞ்சம் வந்து அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நான் வேலையில் இருந்தபோது போன் வந்தது.

"எலும்புல இறங்கிருச்சாம்ப்பு. முதுகு வரைக்கும் இருக்காம். போட்டோ அம்புட்டுத் தெளிவா இருக்குன்னு டாக்டரு சொன்னாரு. நீ செஞ்ச மருந்துதான?"

"ஆமாக்கா" என்றேன்.

ஒரு கையுறையை மட்டும் கழற்றி, அந்தக் கையில் போனைப் பிடித்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், இந்த ஊர்க்காரர் யாருக்கோ மருந்து தயாராகிக்கொண்டிருந்தது.