உச்சந்தலையின் சூடு

ரங்கூனில், சீனர்கள் நிறைந்த லத்தா வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த மாடியில் அடுத்த அறை ஒரு சீனத் தச்சருடையது. மனைவி இல்லை, ஒரே மகள். தெருவில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அவளுக்குத் தமிழ் வரும். என்னைப் பர்மிய வழக்கப்படி ‘அகோ’ என்பாள். அண்ணன் என்று பொருள். பதிலுக்கு நான் தலையை ஆட்டுவதோடு சரி. நாற்பது வயதுக்கு மேலும் பிறரிடம் வாய் திறக்க எனக்குக் கூச்சம்.

அந்தச் சித்திரையில் தச்சர் படுத்துவிட்டார். ஒருநாள் காலை ஒன்பதரை மணி இருக்கும், மகள் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அகோ, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. மடத்து அம்மாங்களைக் கூட்டிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் பக்கத்துல உக்காந்து பேரைச் சொல்லிட்டே இருங்க. ஓமிதோ, ஓமிதோ. காதுல விழணும்."

அது அமிதாப புத்தரின் பெயர். மேற்கே அவருக்குத் துன்பமே இல்லாத தூய பூமி ஒன்று உண்டாம். சாகும்போது அவர் பெயரைப் பற்றிக்கொண்டவரை அவரே வந்து அழைத்துப்போவாராம். தச்சர் இழைப்புளி தள்ளும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுப்பார்.

"பேசறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்றாள் என் மனைவி. "இவரு வாயைத் திறக்கறதுக்குள்ள உங்கப்பா எந்திரிச்சு உக்காந்துடுவாரு."

மகள் சிரிக்கவில்லை. படியிறங்கி ஓடினாள்.

தச்சரின் அருகில் உட்கார்ந்தேன். அவர் கண்கள் கூரையில் எதையோ தேடின. சொல்ல முயன்றேன், குரல் எழவில்லை. மனத்துக்குள் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

தமிழ்க் கூலிக்காரர் குடியிருப்பில் யார் இறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேச வராவிட்டாலும் அந்த வேலை எனக்கு வரும். உடம்பு விறைப்பதற்குள் முடிக்க வேண்டும். அவர் கண்களை மூடிவிட்டேன். துண்டால் தாடையைக் கட்டினேன். வேட்டிக் கரையைக் கிழித்து இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து இறுக்கி முடிச்சிட்டேன்.

மகள் இரண்டு பிக்குணிகளோடு வந்தாள். கால்களைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"தொட்டீங்களா?"

"கட்டலைன்னா... கால் விலகிக்கும்..."

"எட்டு மணி நேரம் தொடவே கூடாது, அகோ! அழக்கூடக் கூடாது. உசிரு அடியிலேருந்து மேலே ஏறிட்டிருக்கும். தொட்டா அந்த இடத்துக்கே திரும்பிடும். கடைசிச் சூடு உச்சந்தலையில இருந்தாத்தான் தூய பூமி. பாதத்துல இருந்தா நரகம்."

முடிச்சை அவிழ்க்கக் கையை நீட்டினேன்.

"மறுபடியும் தொடாதீங்க!"

மூலையில் ஒடுங்கினேன். பிக்குணிகள் மரக்கட்டையைத் தட்டி ஓதத் தொடங்கினார்கள். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரை, அவர் ஆயுளெல்லாம் கேட்டுக்கொண்ட இடத்துக்குப் போகவிடாமல் காலைக் கட்டிப்போட்டுவிட்டேனே. உதடுகள் அசைந்தன. பிறகு, எப்போது என்று தெரியாது, நானும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தவள், வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டுப் போனாள்.

மாலை ஆறு மணிக்கு மூத்த பிக்குணி எழுந்து பாதத்தைத் தொட்டார். பிறகு முழங்கால், வயிறு, நெஞ்சு. உச்சந்தலையில் கையை நெடுநேரம் வைத்திருந்துவிட்டுச் சீனத்தில் ஏதோ சொன்னார்.

"இருக்குதாம்" என்றாள் மகள். "நீங்களும் பாருங்க, அகோ."

தொட்டேன். உள்ளங்கை வியர்த்துக் கிடந்தது. சித்திரை வெயிலில் சுவர் சுட்டது, அவர் படுத்திருந்த பலகை சுட்டது. என் கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் அப்பாவின் தலையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"சூடா இருக்குதா?"

"இருக்கு" என்றேன்.

அதுவரை அடக்கியிருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வெடித்தது. முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். நான் இறுக்கிய முடிச்சு எனக்கே அவிழவில்லை. என் மனைவி வந்து அவிழ்த்தாள்.

"நெசமாவே சூடு இருந்துச்சா?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி மெதுவாகக் கேட்டாள். நான் கதவைச் சாத்தினேன். அடுத்த அறைக்குக் கேட்டுவிடக் கூடாது. ஆனாலும், தெரியவில்லை என்று அவளிடம்கூட எனக்குச் சொல்ல வரவில்லை.