மலர்கொடிக்கு வந்த மெசேஜ், என் போனில்

மேசைமேல் கிடக்கும் போனுக்கு மெசேஜ் வந்தால் மரப்பலகை ஒரு தரம் உறுமும். யாருடைய போன் உறுமினாலும் என் கை பைக்குள் போய்விடும். நீதிமன்ற வராந்தாவில், டீக்கடையில், உளுந்தூர்பேட்டை பஸ்ஸில், எங்கேயும் இதுதான். கறுப்புக் கோட்டுப் போட்டுச் சில ஆண்டுகள் ஆகியும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

“மேடம், டெக்னாலஜி சட்டம் பண்ணணும், அதையும் ஜனங்களுக்காகப் பண்ணணும். காலேஜ்லயே எப்படித் தயாராகறது?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைப் படியுங்கள், அரசாணைகளைத் தேடிப் படியுங்கள், தகவல் உரிமை மனு எழுதிப் பழகுங்கள். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், நானும் இதையெல்லாம் செய்தவள்தான். ஆனால் நான் தயாரானது இதிலெல்லாம் இல்லை.

1. கடை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. இ-சேவை அனுமதியும் என் பெயரில் ஆபரேட்டர் ஐடியும் உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா என்று நாள் முழுக்க வரிசை நிற்கும். “ரிஜெக்டுன்னு வருதும்மா, ஏன்னு கொஞ்சம் கேளுங்க” என்பார்கள். யாரிடம் கேட்பது? திரையில் வருவது தீர்ப்பு, அதை எழுதிய கை தெரியாது. அந்தக் கையைத் தேடித்தான் முப்பத்தெட்டு வயதில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தேன்.

விண்ணப்பம் போட முதலில் ஆளைப் பதிய வேண்டும். பதிவு மொபைல் நம்பர் கேட்கும். அந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதை அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கல்வராயன் மலையிலிருந்து ஜீப் பிடித்து வருகிறவர்களில் பலரிடம் போன் இருக்காது. இருந்தாலும் அவர்கள் ஊரில் டவர் எடுக்காது.

“என் நம்பரையே போட்டுடட்டுமா?”

“போடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

எங்கள் பக்கத்துக் கடைகளில் இதுதான் நடைமுறை. வரிசை நகர வேண்டும், மலைக்குப் போகும் கடைசி ஜீப் கிளம்புமுன் அவர்கள் திரும்ப வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் இருந்து வந்த மலர்கொடிக்கும் என் நம்பரைத்தான் போட்டேன். பிளஸ் டூ முடித்து நர்சிங் கவுன்சலிங்குக்குக் காத்திருந்த பெண். பழங்குடிச் சாதிச் சான்று இருந்தால்தான் அந்த இடம் அவளுக்கு.

2. வகுப்பு

கொரோனா அடங்கியும் அடங்காமலும் இருந்த மாதங்கள். கல்லூரி பூட்டிக் கிடந்தது, வகுப்பு போனில் நடந்தது. சமவெளியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்தது. ஒருநாள் மனு கொடுக்கும் ஊர்வலம், ஒருநாள் சாலை மறியல். என் அண்ணனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

கடைக் கல்லாவுக்குப் பின்னால் போனைச் சாய்த்துவைத்து நான் பாடம் கேட்பேன். தனியுரிமை பற்றி எங்கள் பேராசிரியை நடத்துவார். “ஒருத்தர் சம்மதிச்சார்னு சொல்லணும்னா, எதுக்குச் சம்மதிக்கிறோம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்பார். அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த நேரம் பார்த்துத் திரையின் உச்சியிலிருந்து மெசேஜ்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் பாடத்தை மறைக்கும். யார் யாருக்கோ வந்த மெசேஜ்கள். கட்டைவிரலால் தள்ளிவிடுவேன், வாசலுக்கு வந்த கோழியை விரட்டுகிற மாதிரி.

விண்ணப்பம் போட்டு இரண்டு வாரம் கழித்து மலர்கொடி கடையில் வந்து நின்றாள். விண்ணப்ப எண்ணை அடித்தேன். ‘நிராகரிக்கப்பட்டது. விசாரணைக்கு ஆஜராகவில்லை.’

“எப்பக்கா கூப்ட்டாங்க? எங்களுக்கு ஒண்ணும் வரலியே.”

போனை எடுத்துப் பழைய மெசேஜ்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. தேதி, நேரம், தகப்பனாருடன் அசல் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி. அது வந்த நேரத்தைப் பார்த்தேன். வகுப்பு நேரம்.

“கவுன்சலிங் என்னிக்கு?”

“அடுத்த வாரம் வியாழக்கெழம.”

எட்டு நாள். புதிதாக விண்ணப்பித்தால் விசாரணைக்கே அதைவிட அதிக நாள் ஆகும்.

“சிஸ்டத்துல தப்பும்மா. நான் மனு எழுதறேன்” என்றேன். பொய் சொல்லும்போது குரல் நடுங்கும் என்பார்கள். என் குரல் மிகத் தெளிவாக இருந்தது.

3. மனு

நிராகரிப்பை நீக்கி மறுபடி விசாரிக்கக் கோரி நான்கு பக்கம் எழுதினேன். மலை, மழை, டவர் இல்லாத ஊர், எட்டாத அரசு, எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. பேராசிரியைக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

“நல்லா இருக்கு, கவிதை மாதிரி. நோட்டீஸ் அந்தப் பொண்ணுக்குக் கிடைக்கலன்னு எப்படி நிரூபிப்பீங்க?”

“மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் இருக்கு மேடம்.”

“அவளுக்குக் கிடைக்காத மெசேஜ் அவ கிட்ட எப்படி இருக்கும்? யார் போன்ல இருக்கு?”

“என் போன்ல மேடம்.”

“65பி நடத்தினேனே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. போனிலோ கம்ப்யூட்டரிலோ இருப்பதன் நகலைச் சாட்சியமாக வைத்தால், அந்தக் கருவியைக் கையாண்டவர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டும். சாட்சியச் சட்டத்தின் அந்தப் பிரிவில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

“ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அந்தச் சான்றைக் கேக்க மாட்டாங்க, அது கோர்ட்டுக்குத்தான்” என்றார். “ஆனா உங்க கேஸ்ல உண்மைன்னு இருக்கறதே அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வர்ணனை. எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம்.”

எழுதினால் ஆபரேட்டர் ஐடி போய்விடும். விண்ணப்பதாரர் நம்பரைத்தான் பதிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீடும் படிப்பும் அந்தக் கடையை நம்பித்தான் ஓடின. அன்று பகல் முழுதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். ‘பதிவிலுள்ள கைபேசி எண் விண்ணப்பதாரருடையது அன்று. அது என்னுடையது. அதைப் பதிந்தவளும் நானே. அழைப்பு என் போனுக்கு வந்தது. நான் அவருக்குத் தெரிவிக்கவில்லை.’ கீழே கையெழுத்திட்டேன்.

4. மறியல்

மனு கொடுக்கக் குறித்த நாளில் மறியல். கச்சிராயபாளையத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டார்கள் என்று யாருடைய போனிலிருந்தோ மலர்கொடி சொன்னாள். அவளும் அவள் அப்பாவும் கையெழுத்துப் போடாமல் மனு நகராது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

ரோட்டின் குறுக்கே முதல் வரிசையில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

“இன்னா வக்கீலம்மா, எங்களுக்கும் சேத்து வாதாட வந்தியா?”

“வழி உடுண்ணே. மலையில இருந்து ஒரு பொண்ணு வந்துகினு இருக்கு. சர்டிபிகேட் விஷயம்.”

“நாங்களும் அதுக்குத்தான் வெயில்ல காயறோம்” என்றவன், காலை மடக்கி ஒரு வண்டி போகுமளவு இடம் விட்டான்.

நின்றுபோன ஜீப்பின் நிழலில் மலர்கொடியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

“அன்னிக்கி சிஸ்டம்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“சிஸ்டம் இல்ல.”

“இல்ல. நான்தான்.”

அவள் அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாம்மா எழுதிகீது?”

“அக்கா போனுக்கு லெட்டர் வந்துச்சாம்பா. அக்கா பாக்கலியாம். போடு கையெழுத்து.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஒரே ஸ்கூட்டியில் மூன்று பேர், சட்டம் படிக்கிறவள் செய்கிற காரியமா அது. மறியல்காரர்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. மனுவை வாங்கிய எழுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊரே எடம் ஒதுக்கச் சொல்லி ரோட்டுல குந்திகினு இருக்கு. ஒதுக்கி வெச்ச எடத்த நீங்க மெசேஜ் பாக்காம உட்டீங்களா?”

“ஆமாங்க.”

“இத உள்ள குடுத்தா உங்க ஐடி போயிடும், தெரிமா?”

“தெரியுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பஸ் ஓடாத நாள், வேறு மனுதாரர் யாருமில்லை. அதிகாரி அன்றைக்கே தகப்பனையும் மகளையும் அழைத்து விசாரித்தார். செவ்வாய்க்கிழமை சான்று வந்தது. அதற்கடுத்த வாரம் என் ஐடி முடக்கப்பட்டது.

கடை வெறும் டைப்பிங் கடையானது. கல்லூரிக் கட்டணத்துக்கு ஸ்கூட்டியை விற்றேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

ஆனால் அந்த ஒரு பக்கத்தில் கற்றதைத்தான் இன்றும் தொழிலாகச் செய்துகொண்டிருக்கிறேன். இயந்திரம் தவறு செய்தது என்று யார் வந்து சொன்னாலும், அதில் கடைசியாக விரல் வைத்தது யார் என்று முதலில் கேட்கிறேன். அநேகமாக அது ஒரு நல்ல மனிதராக இருக்கிறார், உதவி செய்ய வந்தவராக. அடுத்தவர் வீட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மறந்துபோனவர். அவரிடம் போய்ப் பேசுவதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பயிற்சியில்லை. தயாராக விரும்புகிறவர்கள், முதல் பிரமாணப் பத்திரத்தை உங்கள் தவறைப் பற்றி எழுதிப் பாருங்கள்.

நர்சிங் இடம் கிடைத்து மலர்கொடி கிளம்பிய நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு அவள் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டார், புகை எங்களுக்கு நடுவே வந்தது.

“எம்மேல இன்னும் கோவமா இருக்கியா?” என்று கேட்டேன்.

“கோவம் போவலக்கா” என்றாள். “எங்க ஊர்ல இன்னும் உங்க நம்பர்ல இருக்கறவங்களுக்கும் மாத்திக் குடுத்துடுங்க. அப்புறம் பேசலாம்.”