காரமே இல்லாத சாண்ட்விச்

முதலில் எரிந்தது மேல்வயிறு. நெஞ்சு அல்ல. அதனால்தான் இவ்வளவு கதை.

புனேயில் ஹடப்சர் தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். மிளகாய் வத்தல் காயும் களத்தில் ஓடி விளையாடியவன் என்று இங்கே பத்தொன்பது வருடமாகப் பீற்றிக்கொண்டு வருகிறேன். இந்தப் பீற்றலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த மாதம் ஊரெங்கும் ஒரே விளம்பரம். மேம்பாலத்தின் ஓரம், பேருந்தின் முதுகு, கைப்பேசியில் எதைத் திறந்தாலும் அதுதான். ஒரு பையன் சாண்ட்விச்சைக் கடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். விரலிடுக்கில் தீ எரியும். கீழே, ‘தம் ஹை தோ கா’. தில் இருந்தால் தின்னு பார்க்கலாம் என்று அர்த்தம்.

என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஷிண்டேக்கு அதை எப்படியாவது தின்று பார்த்துவிட வேண்டும். “அண்ணா, ஆப் தோ சவுத் கே ஹோ. ஆப்கோ க்யா ஹோகா?” என்று உசுப்பிவிட்டார். தெற்கத்திக்காரனுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டால் நான் சும்மா இருப்பேனா? இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் கிளம்பிவிட்டோம்.

பொரித்த கோழி, பஞ்சு போன்ற ரொட்டி, நடுவே ரத்தச் சிவப்பில் ஒரு சாஸ். ஷிண்டேக்கு இரண்டாவது கடியிலேயே கண்ணில் தண்ணீர் ஊற்றியது. எனக்கு ஒன்றுமே இல்லை. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த மாதிரி இருந்தது. முழுவதும் தின்று முடிப்பவருக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். ஷிண்டே அதை என் சட்டைப் பையின் மேல் ஒட்டி, படம் எடுத்து, ஆலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

என் மனைவி கோமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று மணிக்கு அவளுக்கு ஃபோன் செய்தேன்.

“என்னங்க, வாய் வெந்துருச்சா?”

“ஒரு மண்ணும் இல்ல. ஜாம் தடவுன மாதிரி இருக்கு. விளம்பரத்துக்கு ஆன செலவுல நாலு மிளகாய வாங்கிப் போட்டிருக்கலாம்.”

சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூன்றரைக்கு, ஸ்கூட்டரில் சிக்னலில் நிற்கும்போது எரிச்சல் தொடங்கியது. தொப்புளுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு. பிறகு மெல்ல மேலேறித் தாடையில் போய் உட்கார்ந்தது, பல்வலி மாதிரி. ஒரு ஏப்பம் வந்தது. குறைந்தது போலிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. வெயில்தான் என்று நினைத்தேன்.

வழியில் ஒரு சின்ன கிளினிக். சின்ன வயது டாக்டர். நான் உட்காருவதற்கு முன்பே என் சட்டையில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “நீங்களுமா?” நானும் சிரித்தேன். கதையைக் கை கால் வைத்துச் சொன்னேன். விளம்பரம், தீ, ஷிண்டேயின் கண்ணீர், எல்லாம். சாண்ட்விச் பயங்கரக் காரம் என்றுகூடச் சொன்னேன். இடது கையில் வலி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. அமிலத்தைத் தணிக்கும் ஒரு சிரப்பை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நோய்க்கான காரணத்தை நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வந்தவனிடம் அவர் வேறென்ன கேட்பார்?

ஆனால் நான் ஏன் பொய் சொன்னேன்? இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். என் அப்பா ஐம்பத்தொரு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். அதன் பிறகு நெஞ்சில் கொசு கடித்தாலும் எனக்குப் பயம். எரிச்சல் மேலேறியபோது உள்ளுக்குள் ஒரு நொடி அப்பா வந்து நின்றார். எனக்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது, கையில் சாண்ட்விச் இருந்தது. என் நாக்கு சொன்னதை விட்டுவிட்டு விளம்பரம் சொன்னதை நம்பினேன். அப்பாவைப் பற்றி டாக்டரிடம் மூச்சுகூட விடவில்லை.

வீட்டுக்கு வந்து சிரப்பைக் குடித்துவிட்டுப் படுத்தேன். ஐந்தே முக்காலுக்குக் கோமதி வந்தாள்.

“என்ன இப்பிடி வேர்த்துக் கெடக்கீக?”

“அந்த சாண்ட்விச்தான். காரம் ஏறிருச்சு. டாக்டரப் பாத்துட்டேன், கேஸாம்.”

“தின்னாத்தான் அடங்குவீக” என்று சொல்லிக்கொண்டே ஓமத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனாள். அடுப்படி வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

“காரமே இல்லன்னீகளே?”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

“மூணு மணிக்கு ஜாம் மாதிரி இருக்குன்னீக. இனிப்பு எப்பிடிங்க எரியும்?”

“எண்ணெய் சரியில்லாம இருந்திருக்கும்.”

“அப்ப ஷிண்டேக்கும் எரியணும்ல?”

உடனே அவருக்கு ஃபோன் போட்டாள். அவர் மைதானத்தில் மகனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

“கண்ணுல தண்ணி ஊத்துன மனுசன் நல்லா இருக்காரு. ஒண்ணுமே இல்லன்ன நீங்க இப்பிடிக் கெடக்கீக. கணக்கு இடிக்குதுங்க. எந்திரிங்க.”

ஆட்டோவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “மாமா எப்பிடிப் போனாகன்னு அந்த டாக்டர்கிட்ட சொன்னீகளா?” இல்லை என்று தலையாட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் சாகப்போகிறோம் என்ற பயம் முழுதாக வந்தது.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் யாரும் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான் கேட்டார்கள். நர்ஸ் கேட்டார், பணி மருத்துவர் கேட்டார், இதய மருத்துவர் ஓட்டமாக வந்து கேட்டார். மூன்றரை, மூன்றரை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இசிஜி (இதயத்தின் மின் துடிப்பைக் கோடுகளாக வரையும் சோதனை) எடுக்கச் சட்டையைக் கழற்றிய நர்ஸ், அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை ஒரு நொடி பார்த்துவிட்டுச் சட்டையைச் சுருட்டிக் கோமதியிடம் கொடுத்தார்.

இதயத்தின் அடிப்பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் சிலருக்கு வயிற்று எரிச்சலாகத்தான் தெரியுமாம். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் (குழாய்க்குள் சாயம் செலுத்திப் படமெடுப்பது) செய்து, உடனே ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்து வைக்கும் சின்னக் கம்பிவலை) வைத்தார்கள்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன், “எல்லாம் அந்த சாண்ட்விச்சாலா?”

“இது வருடக்கணக்கில் சேர்ந்த கொழுப்பு. சாண்ட்விச் மேல் கேஸ் போடாதீர்கள்” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “கொஞ்சம் தசை செத்துவிட்டது. அது திரும்ப வராது. மூன்று மணி நேரம் கொஞ்ச நேரமில்லை” என்றார்.

மூன்றாம் நாள் ஷிண்டே இளநீரோடு வந்தார். “மைனே கிலாயா, அண்ணா” என்று கண் கலங்கினார். நான்தானே தின்ன வைத்தேன் என்று அவருக்கு ஒரே வேதனை. அவரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த சாண்ட்விச் என் நாக்குக்கும் காரமாக இருந்திருந்தால் கோமதி ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்திருப்பாள். நானும் குடித்துவிட்டுப் படுத்திருப்பேன். இதை எழுத ஆள் இருந்திருக்காது.

தேறி வருவது மெதுவாகத்தான் நடந்தது. முதல் வாரம் வராந்தாவில் பத்து நிமிட நடை. ரத்தத்தை உறையவிடாத மாத்திரையால் லேசாக இடித்தாலும் உடம்பில் நீலம் பாய்ந்தது. இடப்பக்கம் படுத்தால் என் துடிப்பே எனக்குக் கேட்டது, அதை எண்ண ஆரம்பித்துத் தூக்கம் போனது. உப்பில்லாச் சோற்றை நானும் கோமதியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே தின்றோம்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி எரிந்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது, இதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏன் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். என்னைப் போலச் சுவையாகக் கதை சொல்கிறவர்கள் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆலையில் என் பரிசோதனைக் கூடம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. முன்பு ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது முதல் மாடித் திருப்பத்தில் நிற்கிறேன். சன்னலுக்கு வெளியே மேம்பாலம் தெரியும். அந்த விளம்பரம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது. தவறவிட்ட அந்த மூன்று மணி நேரத்தை இந்தத் திருப்பத்தில் ஒவ்வொரு நிமிடமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு திரும்பியதும் ஏறுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் ரசம் குடித்த பிறகு மேல்வயிற்றில் ஓர் எரிச்சல். அது வெறும் மிளகு ரசம்தான் என்று பிறகு இசிஜி எடுத்துப் பார்த்து டாக்டர் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு அது தெரியாது. மிளகுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

“ஏழு பத்துல இருந்து எரியுது” என்றேன்.

கோமதி ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.