கண்டாச்சிபுரத்துப் பாலைவனம்

திண்டிவனத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பூகோளம் நடத்திய வெங்கடாசலத்துக்கு உலகத்துப் பாலைவனங்கள் அத்தனையும் மனப்பாடம். ஒன்றையும் பார்த்ததில்லை. மணல் என்று அவர் கண்டது மரக்காணத்துக் கடற்கரை மட்டும்தான். அங்கும் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததோடு சரி.

1942-இல் லிபியாப் பாலைவனத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பத்திரிகையைத் திறந்தால் மணல். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரும் ஒரு சுற்றறிக்கை விட்டார்: பாலைவன நிலத்தோற்றங்களைப் பயிற்சி ஆசிரியர்கள் நேரில் பார்த்துப் படிக்கவேண்டும். தென்னாற்காடு ஜில்லாவில் பாலைவனம் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதவில்லை. வேறொருவராக இருந்தால் அதைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்திருப்பார். வெங்கடாசலம் பாலைவனத்தைக் கண்டுபிடித்தேவிட்டார். கண்டாச்சிபுரத்துப் பக்கம் குன்றுகளில் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அதில் ஒன்று அடி சிறுத்து, தலை பெருத்து, காளான் மாதிரி இருப்பதாக பஸ்ஸில் யாரோ பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. காளான் பாறை இருந்தால் அது பாலைவனம். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

சித்திரை வெயிலில் பன்னிரண்டு பயிற்சி ஆசிரியர்களோடு புறப்பட்டார். எல்லோரும் மீசை வைத்த ஆட்கள். விழுப்புரம் வரைக்கும் ரயில், அதற்குமேல் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ். ரயிலைவிட்டு இறங்கியதும் தண்ணீர்க் கூஜாக்களை ஸ்டேஷனிலேயே வைத்துவிடச் சொன்னார்.

"பாலைவனம்னா என்னான்னு தெரியணும்னா தாகம் எடுக்கணும்யா!"

உச்சிப்பொழுதில் பாறையை அடைந்தார்கள். வெங்கடாசலம் குடையை ஊன்றிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார். மணலை அள்ளிவரும் காற்று ஆயிரக்கணக்கான வருஷம் அடித்து அடித்துப் பாறையின் அடியை அரித்துவிட்டது என்றார். அன்றைக்கு வேப்பிலைகூட அசையவில்லை.

பக்கத்தில் பூமாலை ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். குன்றுக்குக் கீழே இருந்த சேரிக்காரி. கிணறு வெட்டுவதும் கல் உடைப்பதும்தான் அவள் பிழைப்பு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"காத்தா செதுக்கிச்சி சாமி? மண்ணுக்குள்ளயே இப்பிடி உருண்டையாத்தான் கெடக்குது. கெணறு வெட்டிக்கினு இருக்கச்சொல்ல எத்தினி பாத்துருக்கேன். மழத்தண்ணி சந்துல எறங்கி, சுத்தி இருக்கற கல்லு மக்கிப்பூடும். மண்ணு கரைஞ்சிதுன்னா உருண்ட மேல நிக்கும்."

"நாங்க பாடம் படிக்கிறோம். நீ ஒன் வேலயப் பாரு" என்றார் வெங்கடாசலம்.

பன்னிரண்டு பேரில் முகையூர்க்காரரான சவுரிராயன் மட்டும் அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். பரீட்சையிலும் அதையே எழுதினார். அதற்கு அவருக்குக் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். தேறுவதற்கு ஒரு வருஷம் கூடுதலாயிற்று.

பாடம் முடிவதற்குள் தாகம் முதலில் எடுத்தது வாத்தியாருக்குத்தான். கண் இருட்டிப் பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். பூமாலை தன் பானையோடு வந்தாள். வெங்கடாசலம் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் குவித்து, பானை காலியாகும்வரை குடித்தார்.

நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். பூமாலையின் பானை அதில் 'பாலைவனச் சோலை' ஆயிற்று. அவளுடைய தெரு 'நாடோடிகளின் கூடாரங்கள்' ஆயிற்று. இன்ஸ்பெக்டர் அதன் அடியில் தன் கையெழுத்தைப் போட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, கார்த்திகை மாதம் பாலைவனத்தைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார்.

ஒரு வாரமாக அடைமழை. ஏரி வழிந்து ஓடியது. இன்ஸ்பெக்டர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். சுற்றிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. தவளைச் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை.

"நாடோடிகள் எங்கே?" என்றார்.

வெங்கடாசலம் நடவில் நின்றவர்களைத் தயங்கித் தயங்கிக் காட்டினார். பூமாலை நிமிர்ந்தாள்.

"நாடோடியா? என் மாமனாரோட அப்பாவும் இங்கதான் பொறந்தாரு. ஊரூரா வந்துட்டுப் போய்க்கினு இருக்கறது நீங்கதான் சாமி."

வயல் முழுக்கச் சிரித்தது. வெங்கடாசலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. முடிந்தது உத்தியோகம் என்றே நினைத்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. அதனால இது பாலைவனந்தான். தண்ணி தற்காலிகம்."

அடுத்த வருஷம் வெங்கடாசலம் தலைமை ஆசிரியர் ஆனார்.

சவுரிராயன் முகையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் கிணறு வெட்டும் இடத்துக்கு வகுப்பை அழைத்துப்போய், பாறையைப் பற்றிப் பூமாலையையே பேசச் சொன்னார். தகுதியில்லாத ஆளைப் பாடம் நடத்தவிட்டதற்கு விளக்கம் கேட்டு இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து மெமோ வந்தது.

அந்த மெமோவோடு சவுரிராயன் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தபோது விழுப்புரம் ஸ்டேஷனில் வெங்கடாசலம் எதிர்ப்பட்டார். மெமோவை வாங்கி இரண்டு தரம் படித்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவ சொன்னதுதான்யா சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும். ஆனா பசங்கள பரீட்சையில மட்டும் அப்பிடி எழுதவச்சிடாத."

திண்டிவனம் போகும் வண்டி வந்தது. அவர் ஜல்தியாக ஏறிக்கொண்டார்.