ஆன்டெனாவுக்கு நேர் கீழே ஒரு மணவறை

புது வைஃபை பெட்டி வாங்கினால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை எங்கள் தொழிலில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெட்டியை மாட்டுவார்கள், விளக்கு பச்சையானதும் கிளம்பிவிடுவார்கள். நான் படிப்பேன். படிப்பதோடு நிற்காமல் மற்றவர்களிடம் சொல்லியும் காட்டுவேன். பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு ‘சிக்னல் வரல’ என்று புகார் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செஞ்சியில் இந்த வேலை செய்கிற நாலைந்து பேரில் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் எடுத்தவன் நான்தான். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

என் அக்கா மகளின் கல்யாணத்தோடு அந்தத் தலைக்கனம் இறங்கியது.

அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மாமா இறந்த மறு வருஷமே மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனவள். கல்யாணத்துக்கு லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் அந்த வீட்டு அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். போனில் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“போட்டோ, வீடியோ எல்லாம் அப்புறம் பாத்துக்குறேன்டா. தாலி ஏறுறத மட்டும் அந்த நிமிஷமே நான் பாக்கணும். ஊருக்கெல்லாம் நெட்டு குடுக்குற இல்ல, எனக்கு இத ஒண்ணு பண்ணு.”

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. குவைத்தில் அப்போது இன்னும் விடிந்திருக்காது. வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பதற்குள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பார்த்துவிடுவதாகச் சொன்னாள். நம் கணக்கில் ஏழு மணியைத் தாண்டினால் அவளால் போனைத் தொட முடியாது. சத்தமாகப் பேசவும் முடியாது.

மண்டபம் திருவண்ணாமலை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. டவருக்கும் அதற்கும் நடுவில் மலை நிற்பதால் செல்போன் சிக்னல் வாசலோடு சரி. அதனால் நானே கேபிள் இழுத்து, என்னிடம் இருந்ததிலேயே நல்ல பெட்டியாக ஒன்றை மாட்ட முடிவு செய்தேன். அதோடு வந்த குட்டை ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு, முழ நீளத்தில் பவர் அதிகமான குச்சிகள் மூன்று வாங்கிப் போட்டேன். அக்காவுக்காகச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

குச்சிகளோடு வந்த தாளையும் படித்தேன். அதில் இரண்டு படங்கள் இருந்தன. முதல் படம், குச்சியை மேலிருந்து பார்த்தால் அலை எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பது. வளையத்துக்குள் வளையமாகப் போட்டு, அதன் மேல் தடித்த கோட்டில் அழகாக ஒரு வட்டம். இரண்டாவது, பக்கத்திலிருந்து பார்ப்பது. அது நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் மெல்லிய இலை நீட்டியது மாதிரி இருந்தது. எனக்கு வட்டம் போதுமாக இருந்தது. எல்லாப் பக்கமும் சமமாகப் போகிறது, நடுப்புள்ளியில் பெட்டி இருக்கிறது, ஆகவே நடுவில்தான் பலம் அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மண்டபத்து மேடை தெற்குப் பார்த்தது. ரிசப்ஷனுக்கு அது போதும். முகூர்த்தத்துக்கு எங்கள் சனம் ஒத்துக்கொள்ளாது, பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அதற்காகக் கூடத்தின் நட்ட நடுவில் தனியாக ஒரு மணவறையை வைப்பார்கள். நான் அதற்கு நேர் மேலே, தகரக் கூரையின் இரும்புச் சட்டத்தில் பெட்டியைக் கட்டி, மூன்று குச்சிகளும் மணவறையைப் பார்க்கிற மாதிரி கீழ்நோக்கித் தொங்கவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் போனை வைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தேன். நடுவில் டெக்கரேஷன்காரர்கள் பூவும் கம்பியுமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் சுவர் ஓரமாகவே நடந்தேன். சாப்பாட்டுக் கூடத்தின் கடைசிப் பந்தி வரைக்கும் சிக்னல் நிறைந்திருந்தது. நடுவில் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை.

காலையில் அவலூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்து சேர்ந்ததும் கூடம் நிரம்பிவிட்டது. ஆறேகாலுக்கு அக்கா கூப்பிட்டாள். என் மனைவி வாசலில் நின்று எடுத்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்டோர் ரூமின் அரிசி மூட்டைகளுக்கு நடுவில், தலையைச் சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்காத இடத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

மனைவி போனோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணவறைக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கே வந்ததும் அக்கா முகம் அப்படியே உறைந்தது. வாய் பாதி திறந்தபடி நின்றுபோனது. பிறகு நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

நான் தாய்மாமன். அப்பா இல்லாத பெண்ணுக்கு எல்லாச் சடங்குக்கும் நான்தான் நிற்க வேண்டும். கையில் நெற்றிப் பட்டத்தை வைத்துக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“இன்னாங்க, சுத்துது,” என்றாள் மனைவி.

“பின்னாடி போய்ப் பாரு.”

அவள் பத்தடி பின்னால் போனாள். “இங்க அண்ணி நல்லா தெரியறாங்க. ஆனா இங்கருந்து கேமராக்காரன் முதுகுதான் தெரியுது.”

முன்னால் வந்தாள், மறுபடி சுற்றியது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று குச்சிகளின் முனையும் நேராக என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் அந்த இரண்டாவது படம் புரிந்தது. இடுப்பு ஒடுங்கிய இடம் குச்சியின் முனை காட்டும் திசை. கோடு மையத்தை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அந்தத் திசையில் அவ்வளவு பலம். மையத்தில் ஒட்டிக் கிடந்தால் அந்தத் திசைக்கு ஒன்றுமில்லை. பவர் அதிகம் என்று நான் வாங்கிய குச்சி புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இட்லிக்கு ஊற்றும் மாவையே தோசையாக இழுத்துவிட்டது போல, பக்கவாட்டில் தூரமாகப் பரப்பிவிட்டு அடியில் இன்னும் வெறுமையாக்கியிருந்தது. காலி மண்டபமாக இருந்தால் தகரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்புவது நடுவிலும் கொஞ்சம் விழுந்திருக்கும். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது அதுவும் இல்லை. ஊரெல்லாம் நான் கேலி செய்த ஆட்களில் ஒருவன்கூட இவ்வளவு பாடுபட்டு, சரியாக மணவறையில் மட்டும் சிக்னல் விழாதபடி பெட்டியை மாட்டியிருக்க மாட்டான்.

பட்டம் கட்டச் சொன்னார்கள். பெண்ணின் நெற்றியில் கட்டக் குனிந்தேன்.

“மாமா, அம்மா பாக்குறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பாக்குறாங்கம்மா,” என்றேன்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக மணவறையை விட்டு இறங்கியது. தேங்காய் மேல் தாலியை வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுபோவார்கள். எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு முடித்துத் தட்டு திரும்பி வந்ததும் தாலி ஏறும். மணி ஆறு ஐம்பது. அவ்வளவுதான் எனக்கு இருந்த நேரம்.

மணவறைக்குப் பக்கவாட்டில் டெக்கரேஷன்காரர்களின் அலுமினிய ஏணி சாத்தியிருந்தது. அதை இழுத்து விரித்தேன்.

“தாய்மாமன் எங்க போறாரு?” என்றார் ஐயர்.

“இதோ வந்துட்டேன் சாமி.”

பட்டுவேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “இன்னாயா இது, கல்யாணத்துல கரண்ட் வேலை பாத்துனு இருக்குற,” என்று கத்தியது கேட்டது. மேலே தகரத்துக்கு அடியில் வியர்வை கண்ணில் வழிந்தது. அந்தக் குச்சிகள் அடியில் முழங்கை மாதிரி மடங்கும். படுக்கவைத்துவிட்டால் இலை இரண்டும் நிமிர்ந்து, ஒன்று கீழே பார்க்கும். ஒன்று மடங்கியது, இரண்டாவதும் மடங்கியது. மூன்றாவது இறுகிப்போயிருந்தது. கீழே தட்டு கடைசி வரிசையைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

எங்கள் வேலையில் மேலே ஒருவர் திருகும்போது கீழே நிற்பவர் போனைத் தூக்கி, சிக்னல் ஏறுகிறதா என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் மனைவியைப் பார்த்துச் சொன்னேன்.

“எனக்குக் காட்டு. தூக்கிக் காட்டு.”

அவள் இரண்டு கையாலும் போனைத் தலைக்கு மேல் தூக்கி, திரையை எனக்குக் காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது குச்சியை மடக்கினேன். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்தது. அக்கா வந்துவிட்டாள்.

அதே நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது. அரிசியும் பூவும் பறந்தன. நான் மணவறைப் பக்கம் திரும்பவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டி நீட்டிப் பார்த்தாள். உதடு விடாமல் அசைந்தது. மகளை வாழ்த்துகிறாள் என்று நினைத்தேன். செய்து முடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் ஏணி மேல் நின்றபடியே எனக்கும் அழுகை வந்தது.

இறங்கி வந்து போனை வாங்கினேன். திரையின் மூலையில், நாங்கள் அனுப்பும் படம் தெரிகிற சின்னக் கட்டத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஜமுக்காளம். திரையை என் பக்கம் காட்டினால் பின்னால் இருக்கும் கேமரா தரையைத்தான் பார்க்கும். இது எனக்கும் தோன்றவில்லை, என் மனைவிக்கும் தோன்றவில்லை.

போனைக் காதருகில் வைத்தேன். யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று அக்கா அப்போதும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

“திருப்புடா… போன திருப்புடா தம்பி…”

திருப்பினேன். பெண்ணின் கழுத்து முழுக்க மாலை. மாப்பிள்ளை குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அந்தப் பக்கம் எங்கோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“மாலைல ஒண்ணும் தெரியலடா,” என்றாள். “தாலி ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சுக்கா,” என்றேன்.

அவள் போனை அணைத்துவிட்டாள்.