பிரேக் மாஸ்டர் வீட்டுப் புது டிவி

கார்ப் பந்தய விளையாட்டில் இண்டிகேட்டர் கிடையாது. அதனால் மாஸ்டர் அதை வாயாலேயே போடுவார். வளைவு வருவதற்கு வெகு முன்பே "டிக்... டிக்... டிக்..." என்று ஆரம்பித்து, வண்டி திரும்பி நேரான பிறகுதான் நிறுத்துவார். திரையில் மற்ற கார்களெல்லாம் தீப்பொறி பறக்க ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடும். மாஸ்டரின் சிவப்புக் கார் மட்டும் பெண் பார்க்கப் போவதுபோல் நிதானமாகத் தன் கோட்டுக்குள்ளேயே போகும். யாராவது பின்னால் வந்து இடித்தால், "போடா ராசா, நீயே முன்னாடி போ. உனக்கு என்ன அவசரமோ" என்று ஒதுங்கி வழி விடுவார். எந்தப் பந்தயத்திலும் அவர்தான் கடைசி. அதில் அவருக்குத் துளி வருத்தம் இருந்ததில்லை. "வண்டியில ஒரு கீறல் இருக்கா பாரு" என்பார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் தலைக்கு மேல் தனியாக ஒரு கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்காருகிற உத்தியோகம். ஸ்டியரிங் அடுத்தவர் கையில், உயிரும் அடுத்தவர் கையில். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் அவர் புண்ணியத்தில் வந்தது. எனக்கும்தான். நான் மூன்றாவது தடவைதான் தேறினேன் என்பதை லிஃப்டில் யார் நின்றாலும் ஒரு தகவலாகச் சொல்லிவைப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். அது அவர் காதுக்கும் போய், அவரே போனில் "பிரேக் மாஸ்டர் பேசறேன்" என்று சொல்லத் தொடங்கியதில் எங்களுக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

அந்தப் பெயருக்குக் காரணம் அவருடைய வலது கால். அது வேலை நேரம் பார்ப்பதில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் முன்னால் ஆட்டோ குறுக்கே வந்தால் அது தரையை மிதிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறவர், அலமாரி வரிசை முடிகிற இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் அடுத்த வரிசைக்குத் திரும்புவார். பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவர் மனைவி ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறார். எனக்கு அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். "இவரோட கடைக்குப் போறதுக்கு நடந்தே பக்கத்து ஊருக்குப் போயிட்டு வந்துடலாம் தம்பி" என்பார்.

ஆனால் கற்றுக்கொடுப்பதில் மனிதர் தங்கம். யார் எந்தச் சுவரில் கொண்டுபோய் இடித்தாலும் குரல் ஏறாது. "பதறாத. வண்டிக்கு உன்மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்பார். முதல் நாள் வண்டியை எடுக்க விடமாட்டார். கண்ணாடி பார்க்கத்தான் சொல்லித் தருவார். "ஆம்புலன்ஸ் நெத்தியில எழுத்தை ஏன் திருப்பி எழுதியிருக்காங்க, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பார். நாம் விழிப்போம். "முன்னாடி போறவன் கண்ணாடியில பார்க்கறப்போ நேரா தெரியணும்னுதான். கண்ணாடி எல்லாத்தையும் திருப்பிக் காட்டும். அதை மனசுல வெச்சுக்கிட்டு ஓட்டு." எல்லாருக்கும் இதே பாடம், இதே வார்த்தைகள்.

ஊருக்கெல்லாம் பஞ்சாக இருக்கிறவர் பெற்ற மகளிடம் மட்டும் பட்டாசு. அவளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், "கண்ணை எங்க வெச்சிருக்க? உன்னை நம்பி ஒரு சைக்கிளைக்கூடக் கொடுக்க முடியாது" என்று அவர் கத்த, அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள், அங்கே யாரோ ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அக்கா கொண்டுவந்து காட்டியபோது மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம். "போட்டோ சரியா விழல" என்றாராம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. "அப்பா மாத்திரை போட்டாரா" என்று அவள் அம்மாவைக் கேட்பாள். "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று இவர் மனைவியிடம் சொல்வார். போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும்; ஒருவர் குரல் மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் அக்கா தபால்காரர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது.

இந்த வீட்டில் அவர்கள் இருவரும் சண்டையில்லாமல் செய்த ஒரே காரியம் அந்தக் கார் விளையாட்டுதான். அவள் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய கேம் பெட்டி. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை வைத்த வயரால் பழைய குண்டு டிவியில் மாட்டியிருந்தார்கள். அவள் வேண்டுமென்றே வந்து அவர் காரை இடித்துத் தள்ளுவாள்; அவர் சிரிப்பார். "அங்க யாருக்கும் அடிபடாதுல்ல" என்று எனக்கு விளக்கம் சொன்னார் ஒரு நாள். குண்டு டிவி புகைவிட்டு உயிரை விட்டது. சுவர் பாதியை அடைக்கிற புது எச்.டி. டிவி வந்தது. கேம் பெட்டி பரணுக்குப் போயிற்று.

போன மாதம் மகளிடமிருந்து அம்மாவுக்குச் செய்தி வந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேம்மா. அந்தப் பழைய கேம் பெட்டி இருக்கா? அப்பாகூட ஒரு ஆட்டம் போடணும்னு இருக்கு."

'அப்பாகூட' என்ற சொல்லை மாஸ்டர் எத்தனை தடவை படித்தாரோ தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "தம்பி, கொஞ்சம் வா. டிவியில படம் வரமாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். டிவியைச் சுவரோடு சுவராக அறைந்து மாட்டியிருந்தார்கள். பின்பக்கம் கை நுழையும், தலை நுழையாது. கேம் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பழைய மூன்று முனை வயருக்குப் பதிலாக மாட்டிய எச்.டி.எம்.ஐ. வயர் ஒரு முனை பெட்டியில், மறுமுனை டிவியின் முதுகில். திரையில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்ற வாசகம், பிடிவாதமாக.

"பின்னாடி மூணு ஓட்டை இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. டிவியோட வந்த புத்தகத்துல படம் போட்டிருக்கான் பாரு, இந்த ஓரத்துல இருக்கறது ஒண்ணு. அதுலதான் சொருகியிருக்கேன். ரிமோட்லயும் ஒண்ணுதான் வெச்சிருக்கேன்" என்றார்.

"மத்த ரெண்டையும் வெச்சுப் பார்த்தீங்களா?"

"சொருகாத ஓட்டையில படம் எங்கிருந்துப்பா வரும்? கண்ணால பார்த்துச் சொருகினேன்."

கண்ணால் பார்த்துச் சொருகினேன் என்கிறவரிடம் மேலே என்ன பேசுவது? அவர் பேச்சை நம்பினேன். என் வீட்டிலிருந்து வேறு வயர் கொண்டுவந்தேன். அதையும் அவரே அதே இடத்தில் மாற்றிச் சொருகினார். படம் வரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டோம், டிவியை அணைத்துப் போட்டோம், இரண்டையும் சேர்த்து அணைத்துப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி செத்துப்போச்சு தம்பி. நான்தான் அதைப் பரண்ல போட்டேன்" என்றார்.

"அதனால என்னங்க? வர்றவ உங்களைப் பார்க்கத்தானே வர்றா" என்றார் அக்கா.

"வந்து? இது ஓடலேன்னா அவளும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காரணும். நான் வாயைத் திறந்தா என்ன வரும்னு உனக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள அவ பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா. அப்புறம் எப்ப வருவாளோ."

வாய் ஓயாத மனிதர் தன் வாயைக் கண்டே பயந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது செய்கிற மாதிரியாவது இருக்கட்டும் என்று, "எப்படிப் பார்த்துச் சொருகினீங்க, காட்டுங்க மாஸ்டர்" என்றேன். தலையே நுழையாத இடத்தில் கண் எப்படி நுழைந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். பயிற்சிக் காரில் அவர் தலைக்கு மேல் மாட்டியிருக்கும் அதே கண்ணாடி. காலையில் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் அதை நீட்டி, சரிவு பார்த்துப் பிடித்து, "பாரு, ஓரத்து ஓட்டை, ஒண்ணாம் நம்பர்" என்றார். கண்ணாடி பார்ப்பதில் அவருக்கு இருக்கிற நம்பிக்கை சாமி கும்பிடுகிறவர்களுக்குக்கூட இருக்காது.

என் போன் விளக்கை அடித்துக்கொண்டு பார்த்தேன். வயர் சொருகியிருந்த துளைக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"எழுத்தெல்லாம் திரும்பியிருக்கே மாஸ்டர்."

"என்ன திரும்பியிருக்கு?"

"கண்ணாடியில பார்க்கறோம்ல."

மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு விளக்காக எரிந்துகொண்டு வந்தது.

"ஆம்புலன்ஸ்" என்றார், மிகவும் மெல்லிய குரலில்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்கத் தாடை வலித்தது. ரிமோட்டை எடுத்து, எதிர் ஓரத்து எண்ணான மூன்றை வைத்தேன். அறை முழுக்க என்ஜின் உறுமியது. சுவர் பாதிக்கு நீல வானமும் கறுப்புச் சாலையும் விரிந்தன. நடுவில் மாஸ்டரின் சிவப்புக் கார், ஒரு கீறல் இல்லாமல், புறப்படத் தயாராக நின்றது.

"வந்துடுச்சு" என்றார் அக்கா. மாஸ்டர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அத்தனை காற்றை அந்த மனிதர் எங்கே வைத்திருந்தாரோ. பிறகு சட்டையைக் குனிந்து பார்த்து, பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நான் லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட இவ்வளவு நிம்மதியாக இருந்த ஞாபகம் இல்லை.

"தம்பி, இந்தக் கண்ணாடி சமாச்சாரம் நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன். பத்திரிகையில் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

நான் கிளம்ப எழுந்தபோது வாசலில் மகள் நின்றாள். கையில் பை, இன்னொரு கையில் கார் சாவி. தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா பையை வாங்கிக்கொண்டு, என்னையும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, இருவருமே டிவியைப் பார்த்தார்கள்.

"ஓடுதா?" என்றாள் பொதுவாக.

"ஓடாம என்ன? மூணாவது ஓட்டையில சொருகணும். அது தெரியாமத்தான் பல பேர் திண்டாடறாங்க" என்றார் மாஸ்டர். நான் கூரையைப் பார்த்தேன்.

உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கண்ட்ரோலர். முதல் வளைவிலேயே அவர் "டிக்... டிக்..." என்று ஆரம்பிக்க, அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் வந்து ஓர் இடி. சிவப்புக் கார் புல்லில் உருண்டது. "போடி ராசாத்தி, நீயே முன்னாடி போ" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, நடுவில் தபால்காரர் இல்லாமல் போன வார்த்தை அது. அக்கா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வர்ற வழியில ஒரு லாரி ரொம்ப நேரம் முன்னாடியே போய்ட்டிருந்துச்சுப்பா. வளைவு ரோடு. நான் முந்தவே இல்ல. பின்னாடியே வந்தேன்."

"நல்லது" என்றார் மாஸ்டர். அந்தச் சொல்லை நான் அவரிடமிருந்து ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

ஆட்டம் முடிந்தது. அவள் முதல், அவர் கடைசி. தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஜன்னலருகே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே மகளின் கார் நின்றிருந்தது. நின்றிருந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தை ஒன்றாக அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. ஒரு சக்கரம் நடைபாதை மேல், மற்றொன்று பூந்தொட்டிக்கு ஒரு விரல் தூரத்தில். மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

"என்னப்பா பார்க்கறீங்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. வெயில் டிவியில அடிக்குது."

அந்த ஜன்னலில் அந்த நேரத்துக்கு வெயில் வருவதில்லை. அவர் திரைச்சீலையைக் கடைசிவரை இழுத்துவிட்டு, வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.