பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்

1. நாப்கின் விதி

ஓட்டல் வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்தது தட்டு தூக்குவதை அல்ல, நாப்கின் மடிப்பதை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கெஸ்ட் பாதியில் எழுந்து போனால், அவர் நாற்காலியில் விட்டுப்போன நாப்கினை எடுத்து மடித்து வைக்க வேண்டும். எங்கே போகிறார் என்று பார்க்கக் கூடாது. பின்னால் போகவே கூடாது. "கெஸ்ட் எழுந்தா நமக்குக் கண்ணு தெரியாது, அவ்ளோதான்" என்றார் அன்றைய மேனேஜர்.

அந்த விதியை நான் கேள்வி கேட்டதில்லை. வெயிட்டராக இருந்து கேப்டன் ஆனேன். கேப்டன் என்றால் நாலைந்து மேசைகளுக்குப் பொறுப்பாளி; ஆர்டர் எடுப்பவன், வெயிட்டர்களை மேய்ப்பவன். பெங்களூர் எங்கள் கண்ணெதிரேதான் நாக்கை மாற்றிக்கொண்டது. ராகிக் களி முத்தையில் வளர்ந்தவர்கள் சாப்ஸ்டிக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தோசையைக் கத்தியால் அறுத்த வெள்ளைக்காரரையும் பார்த்திருக்கிறேன். இருவர் மேலும் எனக்குப் பிரியம்தான். புதுச் சாப்பாட்டை முதல் வாய் வைக்கும்போது எல்லா மனிதர்களும் குழந்தை முகத்தோடுதான் இருக்கிறார்கள். எனக்கு ஆகாதவர்கள் வேறு ஒரு கூட்டம். தன் தட்டை விட்டுவிட்டு அடுத்தவன் கையைப் பார்ப்பவர்கள்.

இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

2. சாலமோன்

அன்று மதியம் ஒரு கம்பெனி மேசை. ஹெப்பகோடி பக்கத்து ஃபேக்டரி ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். லைன் சூப்பர்வைசர் ஒருவரை அங்குள்ள தலைமை பிளாண்ட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். போய்த் திரும்பினால் மேனேஜர் பதவி. சாப்பாடு என்று பெயர்தானே தவிர, ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்க்கிற இன்டர்வியூ அது.

அந்த ஆள்தான் சாலமோன். எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஊற்றப் போன என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அண்ணா, நீங்க தமிழா?"

டைனிங் ஹாலில் இங்கிலீஷைத் தவிர வேறு பேசக் கூடாது. நான் தலையாட்டினேன். தாழ்ந்த குரலில் பேச்சுக் கொடுத்ததில் அவரும் என்னைப் போலவே கோலார் தங்கவயல்காரர் என்று தெரிந்தது. சுரங்கக் குடியிருப்புகளை அங்கே லைன் என்போம். எந்த லைன் என்று கேட்டேன். எங்கள் லைனுக்குப் பின்னாலேயே அவர் வீடு. அதற்குப் பிறகு மனுஷன் கொஞ்சம் மூச்சு விட்டார்.

கம்பெனியே ஒரு அம்மாவை வைத்து டேபிள் மேனர்ஸ் கிளாஸ் எடுத்திருக்கிறது. வாயில் சாப்பாட்டோடு பேசக் கூடாது. வாய்க்குள் போனதைக் கையால் வெளியே எடுக்கக் கூடாது. பாதியில் எழுந்தால் கத்தியும் ஃபோர்க்கும் தட்டில் எப்படி இருக்க வேண்டும், நாப்கின் எங்கே இருக்க வேண்டும், எல்லாம் சாலமோன் ஒப்பித்துக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பில்லை.

"வீட்லயும் கிளாஸுதான்" என்று சிரித்தார். "எங்க வீட்டுக்காரி ரெஜினா சப்பாத்திய தட்டுல வெச்சு கத்தியால அறுக்கச் சொல்லி பழக்கிக்கினே இருந்தாண்ணா. இருமலோ தும்மலோ இன்னா வந்தாலும் பெரிய மனுஷங்க முன்னாடி காட்டாத, கம்முனு எழுந்து வெளிய போயிடுன்னு சொல்லி அனுப்பிக்கிறா."

நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்துக் கண்ணாடித் தம்ளரை நேராக வைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

3. ஸ்டேக்

காளான் சூப் அவருக்குப் பிடித்துவிட்டது. முதல் ஸ்பூனுக்குப் பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்தக் குழந்தை முகம்.

அடுத்தது ஸ்டேக். எல்லோருக்கும் சேர்த்து அதிகாரியே ஆர்டர் சொல்லியிருந்தார், மீடியம் ரேர், அதாவது அரைவேக்காடு. எங்கள் ஊர் வீடுகளில் மாட்டுக்கறியைச் சின்னதாக நறுக்கிக் குக்கரில் நன்றாக வேகவிட்டுத்தான் வறுப்போம். பல்லுக்கு வேலையே இருக்காது. இது அப்படியல்ல. சாலமோன் அறுத்த துண்டு பெரிது. மென்றார், மென்றார், அது மசியவில்லை. வீடாக இருந்தால் எடுத்துத் தட்டோரம் வைத்திருப்பார்.

அப்போதுதான் அதிகாரி அவரைப் பார்த்து, ஃபேக்டரி லைனில் ஒரு வேலை நின்றுபோனால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். நல்ல மனிதர்தான், அக்கறையோடு கேட்டார். மேசையே சாலமோன் பக்கம் திரும்பியது. வாயில் கறியோடு பேசக் கூடாது, கேட்டவரைக் காக்கவைக்கவும் கூடாது. அவர் விழுங்கினார்.

நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. லேசாகச் சிரித்தார், தலையைக் குனிந்தார். கத்தியையும் ஃபோர்க்கையும் சொல்லிக்கொடுத்தபடியே தட்டில் வைத்தார். நாப்கினை நாற்காலியில் வைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வாஷ்ரூம் பக்கம் நடந்தார். மரியாதைக்காக யாரும் எதுவும் கேட்கவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

நான் போய் நாப்கினைக் கையில் எடுத்தேன். மடிக்கும்போதுதான் உறைத்தது. கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு பதிலுக்காகத்தான் மனுஷன் அவ்வளவு தூரம் பழகி வந்திருக்கிறார். சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

டைனிங் ஹாலில் ஓடக் கூடாது என்பது இன்னொரு விதி. ஓடினேன். வாஷ்ரூமில் கடைசிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. ஹவுஸ்கீப்பிங் ஆள் ஒருவரும் நானும் தோளால் இடித்து உடைத்தோம். கதவு திறக்கவும் இடமில்லாமல் அவர் சரிந்து கிடந்தார். முதுகில் அடித்தோம், வயிற்றை அழுத்தினோம். எங்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித் தந்ததில்லை. ஒயின் ஊற்றுவதற்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்த இடம் அது.

ஆம்புலன்ஸ் வந்தது. மற்ற கெஸ்டுகள் கண்ணில் படக் கூடாது என்று குப்பை இறக்கும் சர்வீஸ் லிஃப்டில் அவரைக் கொண்டுபோகச் சொன்னார் மேனேஜர். "உள்ள போப்பா, டெசர்ட் போகணும்" என்று என்னிடம் சொன்னார். போனேன். அடுத்த மேசைகளுக்கு ஐஸ்கிரீம் வைத்தேன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த மேனேஜரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

4. ரெஜினா

சில வாரம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து ஹால் காலியாக இருந்த நேரத்தில் ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். சாலமோனின் மனைவி. கணவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பார்க்க வேண்டுமாம். கூட்டிப்போய்க் காட்டினேன். அதே நாற்காலியில் உட்கார்ந்து மேசைத்துணியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு இன்னா சாப்ட்டாரு?"

சூப்பைப் பற்றிச் சொன்னேன். புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அவரு இருமுனா தெருவே திரும்பிப் பாக்கும்ணா. இங்க உக்காந்தபடியே இருந்திருந்தா யாராச்சும் பாத்திருப்பாங்க இல்ல? எதுக்கு எழுந்து போனாரு? கம்பெனில யாருக்கும் தெரியல. நான்தான் வந்து அவரை…"

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. ஊரில் அந்த வாக்கியத்தின் மீதி தெரிந்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான்.

"கை கழுவப் போனாரும்மா" என்றேன். "சாஸ் கையில பட்டுடுச்சு. அங்க போனப்புறம்தான் அடைச்சிக்கிச்சு. இங்க ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் எழுந்தாரு."

என் முகத்தையே பார்த்தார். எத்தனையோ கெஸ்டுகளிடம் மீன் இன்று வந்ததுதான் என்று சிரித்தபடி சொன்ன முகம். அன்று அது எனக்கு உதவியது.

"கை கழுவவா?"

"ஆமாம்மா."

"கை பிசுபிசுன்னு இருந்தா அவருக்கு ஆகவே ஆகாது" என்றார் மெதுவாக. பிறகுதான் அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

5. இப்போது

ஓய்வு பெற்றபின் பெங்களூரிலேயே ஜோகுபாளையத்தில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு ஓட்டலில் வகுப்பு எடுக்கிறேன். முதல் பாடம் நாப்கின் இல்லை. வாயில் சாப்பாட்டோடு ஒருவர் பேச்சில்லாமல் எழுந்தால் பின்னாலேயே போங்கள். மூச்சு அடைத்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நர்ஸ் ஒருவர் வந்து செய்து காட்டுகிறார். நாளைக்கு நீங்களே ஒரு மேசையில் விருந்தாளியாக உட்கார்ந்து தொண்டை அடைத்தால், இருந்த இடத்திலேயே இருமுங்கள். இரும முடியாவிட்டால் மேசையைத் தட்டுங்கள், தம்ளரை உடையுங்கள்.

இதை வாயால் சொன்னால் போதாது. டைனிங் ஹாலுக்கு நடுவில் நிற்கவைத்து ஒவ்வொருவரையும் உரக்க இருமச் சொல்கிறேன். கூச்சப்படுகிறார்கள், கர்ச்சீஃப் தேடுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசி ஆளும் சத்தமாக இருமி முடிக்கும்வரை நான் கத்தியையும் ஃபோர்க்கையும் கையில் எடுப்பதில்லை.